பழைய பிரெஞ்சுக் கடிகாரத்துக்கு பாலிஷ் போடலாமா?

கேள்வி: பாரிஸில் ஓர் ஏலத்தில், தங்க முலாம் பூசிய வெண்கலக் கடிகாரம் வாங்கினேன். கணப்பின் மேல் வைக்கிற வகை. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கிரேக்கப் பெண் உருவம், வெள்ளை எனாமல் டயல். முலாம் பல இடங்களில் கறுத்திருக்கிறது. பித்தளை பாலிஷ் போடலாமா, புதிதாக முலாம் பூசிவிடலாமா? இது 1800 வாக்கில் செய்ததுதானா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

அந்தக் காலத்தில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெண்கலத்தின் மேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் தங்கிவிடும். அப்புறம் சில இடங்களை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கி, மற்றதை மங்கலாகவே விடுவார்கள். உடையின் மடிப்பு மின்ன, உடல் மென்மையாகத் தெரிவது இதனால்தான். பியேர்-ஃபிலிப் தோமீர், க்ளோத் கால் போன்ற பாரிஸ் வெண்கலக் கலைஞர்களின் திறமையே இதில்தான் இருக்கிறது. பாலிஷ் போட்டால் எல்லாம் ஒரே மினுக்காகிவிடும். போன தங்கம் திரும்பி வராது.

தங்கம் கறுப்பதில்லை. நீங்கள் பார்ப்பது புகைக்கரி, தூசி, பழைய மெழுகு, முலாமின் நுண்துளைகள் வழியே மேலே வந்த செம்பின் களிம்பு. பல பாலிஷ்களில் இருக்கும் அம்மோனியா அந்தத் துளைகள் வழியே செம்பைத் தாக்கும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, மென்மையான தூரிகையால் தூசி தட்டுவது மட்டும். மற்றதை, எந்திரத்தையும் டயலையும் கழற்றிவிட்டு உலோகப் பாதுகாப்பு நிபுணர் செய்யட்டும்.

மின்முலாம் பூசினால் நிறம் வேறாக வரும், மதிப்பும் குறையும். பாதரச முறையை யாராவது செய்து தருகிறேன் என்றால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். முலாம் பூசியவர்களை அந்த ஆவி எப்படி அழித்தது என்பதைக் கண்ணால் கண்ட வெண்கலக் கலைஞர் ராவ்ரியோ, 1814-இல் இறக்கும்போது, அவர்களைக் காக்க வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசாக 3,000 பிராங்க் எழுதிவைத்தார்.

காலத்தை அறியப் பின்பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். பெண்டுலம் பட்டு நூலில் தொங்கினால் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையது. எஃகுப் பட்டையில் தொங்கினால் பிந்தையதாக இருக்கலாம், பிறகு மாற்றியதாகவும் இருக்கலாம். உருவத்தின் உட்புறம் மஞ்சளாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சாம்பல் நிறமென்றால் துத்தநாக வார்ப்பு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி மலிவுச் சரக்கு. டயலில் உள்ள பெயர் கடிகாரம் செய்தவருடையதாகவோ விற்றவருடையதாகவோ இருக்கும். அதை வைத்துச் சிற்பம் யாருடையது என்று முடிவு செய்ய முடியாது.

நிபுணரிடம் கொண்டுபோகும்போது பெண்டுலத்தைக் கழற்றித் தனியே சுற்றிக்கொள்ளுங்கள். கடிகாரத்தைத் தூக்குவது அடிப்பகுதியைப் பிடித்துத்தான். உருவத்தைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள்.