நுரை அடங்கினால் அமிலமும் தீர்ந்ததா?

வாசகி ஒருவரின் கேள்வி: "என் மகள் சிபிஎஸ்இ 12ஆம் வகுப்பு படிக்கிறாள். வேதியியல் ப்ராஜெக்ட்டுக்கு ஆன்டாசிட் (வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்து) ஒப்பீடு எடுத்திருக்கிறாள். மூன்று டம்ளரில் வினிகர் ஊற்றி, ஒன்றில் ஈனோ பாக்கெட், ஒன்றில் டைஜீன் மாத்திரை, ஒன்றில் கால்சியம் கார்பனேட் மாத்திரை போட்டாள். ஈனோ அரை நிமிஷத்தில் பொங்கி அடங்கிவிட்டது. டைஜீன் அரை மணி நேரமாகியும் அடியில் கிடக்கிறது. அப்படியென்றால் என் கணவர் தினமும் சாப்பிடுகிற டைஜீன் வேலையே செய்யவில்லையா? ப்ராஜெக்ட்டில் என்ன எழுதுவது?"

முதலில் அந்த டம்ளர்களைக் கொட்டிவிடச் சொல்லுங்கள், அதில் தெரிந்தது மாத்திரை கரையும் வேகம்தான், அமிலம் தீரும் வேகம் இல்லை. சந்தேகமாக இருந்தால் ஈனோ போட்ட டம்ளரில் ஒரு பி.எச். தாளை (அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் தாள்) நனைத்துப் பார்க்கலாம், நுரையெல்லாம் அடங்கிய பிறகும் அது அமிலம் என்றுதான் காட்டும். 100 மி.லி. வினிகரில் சுமார் 80 மில்லிமோல் (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) அசெட்டிக் அமிலம் இருக்கும். ஆன்டாசிட் மாத்திரை ஒன்றால் பொதுவாக 10, 15 மில்லிமோல் அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்க முடியும். ஆக, மூன்றுமே தோற்கப்போகிற பந்தயத்தை வைத்துவிட்டு யார் முதலில் வந்தது என்று பார்த்திருக்கிறீர்கள்.

ஈனோ பொங்கியதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தப் பொடியில் சோடா உப்போடு (சோடியம் பைகார்பனேட்) சிட்ரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது, அதனால் வெறும் தண்ணீரில் போட்டாலே பொங்கும், வயிற்று அமிலமோ வினிகரோ தேவையே இல்லை. அதாவது நீங்கள் பார்த்த நுரையில் பெரும்பங்கு பாக்கெட்டுக்குள் இருந்த இரண்டு பேரும் தங்களுக்குள் போட்ட சண்டை. அதற்காக ஈனோ சும்மா என்று சொல்லவில்லை, அந்தச் சண்டையில் உண்டாகிற சிட்ரேட்டும் அமிலத்தை வாங்கிக்கொள்ளும், எல்லாம் ஏற்கெனவே கரைந்த நிலையில் வயிற்றுக்குள் போவதால் வேகத்தில் அதை அடிக்க ஆளில்லை.

சரி, மற்றவை எப்படி? கரையாத பொருள்களில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் கரையாவிட்டாலும் அமிலம் பட்டால் மளமளவென்று கரையும். கால்சியம் கார்பனேட்டும் சுறுசுறுப்பானதுதான், துகள் எவ்வளவு நைஸ் என்பதைப் பொறுத்தது. அலுமினியம் ஹைட்ராக்சைடுதான் மந்தம். டைஜீன், ஜெலுசில் போன்றவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் சேர்ந்தே இருப்பதற்கு இது ஒரு காரணம்: ஒன்று உடனே ஓடும், இன்னொன்று மெதுவாக நின்று வேலை செய்யும். இன்னொரு காரணம், மெக்னீசியம் தனியாகப் போனால் வயிறு இளகும், அலுமினியம் தனியாகப் போனால் மலச்சிக்கல், இரண்டையும் சேர்த்தால் ஓரளவு சரிக்குச் சரி. கூடவே சிமெத்திகோன் என்று அட்டையில் போட்டிருக்குமே, அது வாயுக் குமிழிகளை உடைக்கத்தான், அமிலத்தை அது தொடாது.

வேகம் ஒரு கணக்கு, கொள்ளளவு, அதாவது மொத்தம் எவ்வளவு அமிலத்தைத் தீர்க்கும் என்பது, வேறு கணக்கு. பள்ளி ஆய்வகத்தில் இருக்கிற 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துக்கொண்டால், 1 கிராம் சோடா உப்பு சுமார் 119 மி.லி. அமிலத்தைத் தீர்க்கும், 1 கிராம் கால்சியம் கார்பனேட் 200 மி.லி.; மெக்னீசியம் ஹைட்ராக்சைடு 343 மி.லி.; அலுமினியம் ஹைட்ராக்சைடு காகிதக் கணக்கில் 385 மி.லி., ஆனால் காய்ந்த ஜெல்லாக மாத்திரைக்குள் இருக்கும்போது அவ்வளவு கிடைக்காது. வேகமாக ஓடுகிற சோடா உப்புதான் கொள்ளளவில் கடைசி, கவனித்தீர்களா? உங்கள் மகள் எழுதவேண்டிய ப்ராஜெக்ட் உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

இப்போது சோதனையைச் சரியாகச் செய்வது. வினிகருக்குப் பதில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., ஆசிரியர் மேற்பார்வையில். ஒரு பெரிய பாத்திர வெந்நீரில் குடுவையை வைத்து 37 டிகிரியில் நிறுத்தவேண்டும், ஏனென்றால் அறை வெப்பத்தில் கரையும் வேகம் மாறிவிடும். அமிலம் குறைவதை நிறத்தால் காட்டும் இண்டிகேட்டரான மெத்தில் ஆரஞ்சு இரண்டு மூன்று சொட்டு விட்டால் சிவப்பாக இருக்கும், பி.எச். 4.4ஐத் தாண்டும்போது மஞ்சளாகும். மாத்திரையைப் போட்ட நொடியிலிருந்து மஞ்சளாகும் நொடிவரை ஸ்டாப்வாட்ச். எல்லாவற்றையும் ஒரே மாதிரி கலக்க வேண்டும், பாதி ப்ராஜெக்ட்டுகள் கெட்டுப்போவது இதில்தான், தனக்குப் பிடித்த பிராண்டைப் பிள்ளைகள் தன்னையறியாமல் வேகமாகக் கலக்குவார்கள்! ரோஸ் நிற மாத்திரை வாங்க வேண்டாம், அந்தச் சாயம் நீரில் இறங்கி மெத்தில் ஆரஞ்சின் நிறத்தைக் குழப்பும்.

ஒவ்வொரு மாத்திரையையும் இரண்டு விதமாகப் போடச் சொல்லுங்கள்: முழுசாக ஒன்று, கல்வத்தில் நைசாக இடித்து ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிற வித்தியாசம், பிராண்டுக்கும் பிராண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மென்று தின்ன வேண்டிய மாத்திரை என்று அட்டையில் போட்டிருப்பது சும்மா இல்லை, பல்லுதான் அந்த மருந்துக்குக் கல்வம்.

கொள்ளளவுக்கு வேறு வழி. மாத்திரையை எடைபோட்டு, இடித்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை 50 மி.லி. அமிலத்தில் 15 நிமிஷம் கலக்கி, மிச்சமிருக்கும் அமிலத்தை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு டைட்ரேஷன் செய்வது, அதாவது நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது. அமெரிக்க மருந்துத் தர நூலான யுஎஸ்பியின் முறையும் ஏறக்குறைய இதுதான்: அங்கே 1 நார்மல் அமிலம் 30 மி.லி., 37 டிகிரி, 15 நிமிஷம், முடிவுப்புள்ளி பி.எச். 3.5. கார்பனேட், பைகார்பனேட் மாத்திரை என்றால் டைட்ரேஷனுக்கு முன் லேசாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு போய்விடும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நானும் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் விழுந்திருக்கிறேன். பழக்கதோஷத்தில் பினால்ப்தலீன் என்கிற இண்டிகேட்டரை விட்டுவிடுவோம். அது நிறம் மாற பி.எச். 8க்கு மேல் போக வேண்டும். போகிற வழியிலேயே, 4ஐத் தாண்டியதும், கரைந்த அலுமினியம் மறுபடி ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து நாம் ஊற்றுகிற காரத்தைக் குடித்துவிடும். என் மாணவர்கள் எடுத்த அளவில், அலுமினியம் மட்டும் இருந்த மாத்திரை கிட்டத்தட்ட எதுவுமே செய்யவில்லை என்று வந்தது, நானும் "போலி மருந்து போல" என்று சொல்லித் தொலைத்தேன். தப்பு மருந்தில் இல்லை, இண்டிகேட்டரில். மெத்தில் ஆரஞ்சோ புரோமோபினால் நீலமோ போதும்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். டைஜீன் வேலை செய்கிறது. அவர் மெல்லாமல் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறாரா என்று மட்டும் பாருங்கள், விழுங்கினால் உங்கள் டம்ளரில் கிடந்த மாதிரிதான் வயிற்றிலும் கிடக்கும். எப்போது சாப்பிடுகிறார் என்பதும் முக்கியம்: வெறும் வயிற்றில் போட்டால் அரை மணி நேரத்தில் வயிறு அதைக் கீழே தள்ளிவிடும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மென்றால் உணவோடு தங்கி இரண்டு மூன்று மணி நேரம்கூடக் காக்கும். ஈனோ சீக்கிரம் கேட்கிறதே என்று அதற்கு மாறவும் வேண்டாம், குறிப்பாக பி.பி. இருந்தால், 1 கிராம் சோடா உப்பில் மட்டும் 274 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை, டெட்ராசைக்ளின் (ஆன்டிபயாடிக்) ஏதாவது எடுத்தால் ஆன்டாசிட்டுக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும், தைராய்டு மாத்திரை என்றால் நான்கு; சிப்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக்கை ஆன்டாசிட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும்.

ஆனால் "தினமும்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் தேவைப்படுகிறது என்றால் எந்த மாத்திரை வேகம் என்கிற ஆராய்ச்சியை மகளிடம் விட்டுவிட்டு அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், இடது கை அல்லது தாடைக்குப் பரவுகிற வலி இருந்தால் மாத்திரையைத் தேடிக்கொண்டு இருக்காமல் நேராக 108ஐக் கூப்பிடுங்கள்.