எடிர்னே ஆஸ்பத்திரி – கடிதம்

அன்புள்ள சார்,

மதுரைல மனநல வார்டுல நர்ஸா இருக்கேன், பேர் போட வேண்டாம். அடுத்த மாசம் குடும்பத்தோட இஸ்தான்புல் டூர், கடைசில ஒரு நாள் ஃப்ரீ. எடிர்னேங்கிற ஊர்ல மசூதியை ஒட்டி ஒரு பழைய ஆஸ்பத்திரி, அங்க அந்தக் காலத்துலயே மனநோயாளிகளை சங்கீதத்தால குணப்படுத்தினாங்க, அதே சமயம் ஐரோப்பால அவங்களை உயிரோட எரிச்சாங்கன்னு வாட்ஸப்ல ஒரு மெசேஜ் சுத்துது. நீங்க போயிட்டு வந்ததா ஒரு தடவை எழுதியிருந்தீங்க. நிஜமா சார்? ஒரு நாளை செலவு பண்ணலாமா? வீட்டுக்காரர் கிராண்ட் பஜார் கட்சி.

*

அன்புள்ள சிஸ்டர்,

வீட்டுக்காரரை பஜார்லயே விட்டுட்டு நீங்க கிளம்பிடுங்க. பஸ்ல மூணு மணி நேரம் பிடிக்கும். ஊருக்குள்ள சினான்ங்கிற பெரிய கட்டடக் கலைஞர் கட்டின செலிமியே மசூதி இருக்கு, எல்லாரும் அதைப் பார்த்துட்டு திரும்பிடுவாங்க. நீங்க துன்ஜா ஆத்துப் பாலத்தைத் தாண்டி நடங்க. மரத்துக்கு மேல சின்னச் சின்னதா ஏகப்பட்ட கும்மட்டம் தெரியும், கவுத்து வச்ச சட்டிங்க மாதிரி. அதான்.

துருக்கியை ஆண்ட ஓட்டமான் வம்சத்து இரண்டாம் பாயசித் சுல்தான் 1484ல ஆரம்பிச்சு 1488ல முடிச்ச இடம். மசூதி, ஆஸ்பத்திரி, டாக்டருக்குப் படிக்கிற மதரஸா, சாப்பாட்டுக் கூடம் எல்லாம் சேர்த்து ஒரே வளாகம், குல்லியேன்னு சொல்றாங்க. செலவெல்லாம் வக்ஃப் வருமானத்துல. ஆஸ்பத்திரிக்குப் பேரு தாருஷ்ஷிஃபா, ஷிஃபான்னா குணம், நம்ம ஊர்ல மருந்துக்கடைக்குக்கூட வைப்பாங்களே அந்தப் பேருதான். கிட்டத்தட்ட 400 வருஷம் நடந்திருக்கு. 1997லேர்ந்து மியூசியம், 2004ல ஐரோப்பிய கவுன்சிலோட மியூசியம் பரிசு வாங்கியிருக்கு.

மசூதிக்குள்ள தூணே இல்ல, நாலு சுவர் மேல ஒரே கும்மட்டம், நல்லாதான் இருக்கு. ஆனா நான் அங்க பத்து நிமிஷம்தான் நின்னேன். மீதி நேரமெல்லாம் ஆஸ்பத்திரில.

ரெண்டு முற்றம் தாண்டி உள்ள போனா ஆறு பக்கமா ஒரு கூடம் வரும். நடுவுல நீரூற்று, மேல கும்மட்டம், அதோட உச்சில வெளிச்சம் எறங்க ஒரு கூண்டு. சுத்தி ஆறு அறை, அதுங்களுக்கு இடையில திண்ணை மாதிரி திறந்த மாடங்க, வாசலுக்கு நேர் எதிர்ல இருக்கிறது பாட்டுக்காரங்க உக்கார்ற மேடை. இப்ப அங்க பொம்மைங்களை உக்கார வச்சு ஸ்பீக்கர்ல பாட்டு விடறாங்க, எனக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான், நான் போனப்ப ஸ்கூல் பசங்க வேற வந்து பொம்மையோட தாடியை இழுத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க போனதும் நீரூற்றுப் பக்கத்துல நின்னு லேசா தொண்டையைச் செருமிப் பார்த்தேன், அந்தச் சின்ன சத்தம் மேல ஏறி எல்லா பக்கத்துலேர்ந்தும் திரும்பி வந்துச்சு. அங்கேர்ந்து அப்படியே ஒரு சுத்து திரும்பினா ஆறு அறை வாசலும் கண்ணுல படுது. ராத்திரி ட்யூட்டி பார்க்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல, ஒரே ஆள் மொத்தத்தையும் பார்த்துக்கலாம்.

இப்ப அந்த மெசேஜுக்கு வரேன். சங்கீத விஷயம் நிஜம்தான். 17ஆம் நூற்றாண்டுல அங்க போன எவ்லியா செலெபிங்கிற ஊர்சுத்தி எழுதியிருக்கார்: பாடறவங்க வாசிக்கிறவங்கன்னு பத்து பேர், வாரத்துக்கு மூணு தடவை வருவாங்கன்னு. புல்லாங்குழல் மாதிரி நெய்னு ஒரு வாத்தியம், ஊத், சந்தூர்னு தந்தி வாத்தியங்க எல்லாம். பூ வாசனையும் வைத்தியத்துல சேர்த்தி, சாப்பாட்டுக்குக் கவுதாரி, புறான்னு பத்தியக் கறி. மனுஷர் அளந்து விடறதுல மன்னன், அதனால கொஞ்சம் கழிச்சுக்கிட்டுதான் படிக்கணும்.

ஆனா அதே எவ்லியா இன்னொண்ணும் சொல்றார். வசந்த காலத்துல காதல் பித்து முத்தினவங்களைக் கொண்டு வந்து, கழுத்துல தங்கமும் வெள்ளியும் பூசின சங்கிலி போட்டுக் கட்டுவாங்க, ஒவ்வொருத்தரும் குகைச் சிங்கம் மாதிரி உறுமுவாங்கன்னு. மெசேஜ்ல பாட்டு வந்திருக்கு, சங்கிலி வரல. பூசினது தங்கமா இருந்தா என்ன, கழுத்துல கிடந்தது சங்கிலிதானே. எனக்கு அங்க நின்னப்ப 2001 ஏர்வாடி ஞாபகம் வந்துச்சு, சங்கிலில கட்டியிருந்த மனநோயாளிங்க 28 பேர் தீயில செத்தாங்களே. பாட்டு வச்சவங்களும் சங்கிலி போட்டவங்களும் ஒரே ஆளுங்கங்கிறதைத்தான் அன்னைக்கு முழுக்க யோசிச்சுக்கிட்டு இருந்தேன். கொடுமைக்காரங்க இல்ல, அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு நல்லா பார்த்துக்கிட்டவங்கதான்.

ஐரோப்பா கதை ரொம்ப ஓவர். ஸ்பெயின்ல வலென்சியால 1409லயே ஒரு பாதிரியார் பேச்சைக் கேட்டு மனநோயாளிகளுக்குன்னு ஆஸ்பத்திரி தொடங்க ஏற்பாடு பண்ணிட்டாங்க, எடிர்னேக்கு 70 வருஷத்துக்கும் முன்னாடி. ஓட்டமான்காரங்களும் இதைப் புதுசா கண்டுபிடிக்கல, டமாஸ்கஸ்ல 1154, கெய்ரோல 1284, அங்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி ஏற்கெனவே இருந்துச்சு. ஒருத்தரை உசத்திப் பேசணும்னா இன்னொருத்தரை எரிக்க வைக்கிறது வாட்ஸப் பழக்கம், விடுங்க.

சாப்பாடுன்னா அங்க ஈரல். மெல்லிசா சீவி எண்ணெய்ல பொரிச்சு, கூடவே பொரிச்ச காஞ்ச மிளகாயை வச்சுத் தருவாங்க. நம்ம நாக்குக்கு அந்தக் காரம் ஒண்ணுமே இல்ல. பஸ்ஸை விட்டு எறங்கினதும் திரும்பி வர்ற டிக்கெட்டை எடுத்துடுங்க, நான் எடுக்காம சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஸ்டாண்ட்ல உக்காந்தேன்.