ஓடாத காரின் வயது

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் வசிக்கிறேன். நெடுநாள் ஆசைப்படி சென்ற ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற, துணிக்கூரை போட்ட சின்னத் திறந்த கார் ஒன்றை வாங்கினேன். 1991ஆம் ஆண்டு வண்டி, 1.6 லிட்டர் எஞ்சின். ஓய்வுபெற்ற ஒருவர் தன் கராஜில் பல வருடங்கள் மூடி வைத்திருந்தார். 58,000 மைல்தான் ஓடியிருக்கிறது. டயரின் வரிப் பட்டன்கூடத் தேயவில்லை. ஸ்நெட்டர்டன் பந்தயத் தடத்தில் எங்களைப் போன்ற அமெச்சூர்கள் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஒதுக்கும் டிராக் நாளுக்குப் பணம் கட்டிப் போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. நேர்பாதையில் மட்டும் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். மதியத்துக்கு முன் ஒருமுறை பிரேக் பெடல் கொஞ்சம் உள்ளே போனது. சாப்பிட்டுவிட்டு வந்தபோது சரியாகிவிட்டது. இப்போது கையில் 2,000 பவுண்டு இருக்கிறது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் டர்போ பொருத்துவதா, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சஸ்பென்ஷன் போடுவதா? கோவை ஒர்க்‌ஷாப்களைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

அப்பா திருச்சியில் அரசு பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடியோ அழைப்பில் காரைக் காட்டினேன். “இத்தனூண்டு வண்டிக்கு இவ்வளவு காசா?” என்று மட்டும் கேட்டார்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டர்போ வேண்டாம். சஸ்பென்ஷனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெளியிடுவதற்காக உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். மூலத்தில் டர்போவுக்கு மட்டும் நான்கு பத்திகள் இருந்தன. எந்த நிறுவனத்தின் டர்போ, எத்தனை குதிரைத்திறன் கூடும், யார் எந்த வீடியோவில் என்ன சொன்னார் என்று எல்லாம் இருந்தது. பிரேக் பெடலுக்கு ஒரே வரி. அதிலும் “கொஞ்சம்” என்று ஒரு சொல்லைப் போட்டு மூடியிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான்.

எங்கள் தெருவில் ஒருவர் தன் பழைய காரை விற்க விளம்பரம் கொடுத்திருந்தார். “அதிகம் ஓடாதது” என்பதைத்தான் முதலில் போட்டிருந்தார். ஓடாமல் இருந்தது ஒரு தகுதி என்று எப்படி எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்று சில வாரங்களாக எனக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் 58,000 மைல் வந்து சேர்ந்தது. கராஜில் கிடந்த கார், பரணில் ஏற்றி வைத்த பித்தளை அண்டா அல்ல, முப்பது வருடம் கழித்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பதற்கு. இரும்பு வேண்டுமானால் காத்திருக்கும். ரப்பர் காத்திருக்காது, பிளாஸ்டிக் காத்திருக்காது, பிரேக் ஆயில் காத்திருக்கவே காத்திருக்காது. மீட்டர் நின்றாலும் அவற்றுக்கு நாட்காட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

உங்கள் பெடலுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள், வீடியோவைப் போல ஓட்டிவிட்டுப் பார்க்க முடியாது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே அல்ல. கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவம், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. ரப்பர் ஹோஸ்களின் வழியாகவும் மூடியில் இருக்கும் சிறு காற்றுத் துளையின் வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கார் ஓட வேண்டும் என்ற அவசியமே இல்லை. டாட் 4 என்று குறியிட்ட ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தர விதி கேட்கும் கொதிநிலை 155 டிகிரிதான். 75 டிகிரி போய்விட்டது. பாட்டிலைப் பார்த்தால் தெரியாது, தொட்டால் தெரியாது, கடைக்குப் போய்வரும் வழியில் ஒருநாளும் தெரியாது.

ஸ்நெட்டர்டனில் தெரியும். பென்ட்லி நேர்பாதையின் முடிவில் மணிக்கு 160 கிலோமீட்டரை ஒட்டி வந்து பிரண்டில் வளைவுக்காகப் பாதி வேகத்துக்கு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களையும் சேர்த்து அந்தச் சின்னக் காரின் எடை ஏறத்தாழ 1,050 கிலோ. அந்த ஒரே மிதியில் பிரேக்குகள் வாங்கிக்கொள்ளும் வெப்பம், 30 டிகிரியில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுபோகப் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பள்ளிக்கூட இயற்பியல்தான். ஒரு சுற்றில் இப்படிப் பல மிதிகள், அப்படிப் பல சுற்றுகள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டில் ஏறிய சூடு அதை இறுக்கிப் பிடிக்கும் பேடுக்குப் போய், பேடிலிருந்து அதை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனுக்குப் போய், பின்னால் இருக்கும் ஆயிலுக்குப் போகிறது. அங்கே கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். ஆகவே உங்கள் கால் கொடுத்த அழுத்தம் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோனது. பெடல் “கொஞ்சம்” உள்ளே போனது.

பிறகு சாப்பிடப் போனீர்கள். ஆயில் ஆறியது, ஆவி மறுபடி தண்ணீராகி ஆயிலோடு கலந்துவிட்டது, பெடல் பழையபடி நின்றது. நீங்கள் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவும் சரியாகவில்லை ஐயா! இந்தக் கோளாறு தன்னைத் தானே ஒளித்துக்கொள்ளும் கோளாறு. மறுபடி அதே சூடு வரும்போது மறுபடி வரும், அடுத்த முறை “கொஞ்சம்” என்று நிற்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

பெடல் கல்லாக நின்று, ஆனால் கார் நிற்க மறுத்திருந்தால் அது வேறு நோய். பேடு தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டிப் பிடிப்பை இழந்திருக்கிறது என்று பொருள். சாலைக்கான பேடைக் கழற்றிவிட்டு அதிகச் சூடு தாங்கும் பேடு போட வேண்டும். பெடல் கீழே போனால் ஆயில், பெடல் நின்று கார் ஓடினால் பேடு. இந்த வித்தியாசத்தை உங்கள் நான்கு பத்தி வீடியோக்காரர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லையா?

எனக்கு இதைச் சொன்னவர் கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். நாங்கள் அவரை மாஸ்டர் என்று அழைப்போம். கல்லூரிக் காலத்தில் மாலை நேரம் முழுவதும் அங்கேதான் கிடப்பேன். சோழவரம் பந்தயத்துக்கு ஃபியட் 1100 கார்களைத் தயார் செய்து கொடுப்பார். நீங்கள் ஓட்டிய ஸ்நெட்டர்டன் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற தளம். சோழவரமும் அந்தப் போர்க்காலத்து ஓடுபாதைதான். 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை சென்னைக்காரர்களின் பந்தயம் அந்த ஓடுபாதையில்தான் நடந்தது. விமானம் ஏறுவதற்காகப் போட்ட நேர்பாதையில் வேகம் எடுப்பது யாருக்கும் எளிது. அதன் முடிவில் நிற்பதுதான் பாடு. அந்த ஃபியட்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மூடிய உருளைக்குள் உரசுவது, சூடு எளிதில் வெளியேறாது.

ஒரு மில் முதலாளியின் மகன் இரட்டைக் கார்புரேட்டரை எங்கிருந்தோ வரவழைத்து, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மாஸ்டர் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, “கடைசியாக வீல் சிலிண்டர் கிட் எப்போது மாற்றினீர்கள்?” என்று கேட்டார். சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் சிலிண்டரின் ரப்பர் பாகங்களைத்தான் சொன்னார். முதலாளி மகனுக்குத் தெரியவில்லை. “தேதி தெரிந்த பிறகு வாருங்கள்” என்று மாஸ்டர் வேறு வண்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார். பணக்கார வாடிக்கையாளர் என்ற கவலையெல்லாம் இல்லை. அவர் கையிலிருந்து வெளியே போகும் எந்த வண்டியிலும் வெள்ளைப் பெயின்ட்டில் சின்னச் சின்னத் தேதிகள் இருக்கும். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் ஒன்று, ரேடியேட்டர் ஹோஸில் ஒன்று, ஃபேன் பெல்ட் மாற்றிய தேதி பானெட்டின் உள்பக்கத்தில். மைல்கணக்கை அவர் எங்கும் எழுதிப் பார்த்ததில்லை. மூடியில் தேதி இல்லாத வண்டி வந்தால், ஆயில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றி ஏர் எடுப்பார். நிறத்தைப் பார்த்து ஈரத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இன்று அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. எனக்கு இப்போதும் அந்த வெள்ளைப் பெயின்ட்தான் நம்பிக்கை.

ஆகவே முதலில் அதைச் செய்யுங்கள். பழைய ஆயிலை நான்கு சக்கரத்திலும் முழுமையாக வெளியேற்றுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது வேலைக்கு ஆகாது. ரப்பர் பிரேக் ஹோஸ்களை மாற்றுங்கள், வெளியே வெடிப்பு தெரியவில்லை என்பது ஒரு சமாதானம் அல்ல, அவை உள்ளே வீங்கும். காலிப்பர் வழுக்கி நகரும் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் இடுங்கள். கராஜில் நின்ற வண்டியில் அவை இறுகியிருக்கும், ஒரு பேடு மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் அதுதான் காரணம். ஓட்டி முடித்ததும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட்டு உள்ளே வாருங்கள். வந்ததும் பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். சூடான டிஸ்க்கைப் பேடு அணைத்துக்கொண்டே நிற்கும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பிறகு குளிர்விக்கும் தண்ணீர். உங்கள் எஞ்சினின் குடும்பம் முன்சக்கரம் இழுக்கும் மாஸ்டா கார்களில் குறுக்காகப் படுத்திருந்தது. உங்கள் காரில் அதை நெடுக்காகத் திருப்பி வைத்தபோது தண்ணீர் நுழைவதும் வெளியேறுவதும் முன்பக்கத்திலேயே அமைந்துவிட்டது. பின்னால் இருக்கும் சிலிண்டருக்குக் கவனிப்பு குறைவு. சாலையில் பாதகமில்லை, தடத்தில் அதுதான் முதலில் வாடும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் நல்லது, பழுப்பாகிவிட்டது என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள், வெடிப்பதற்கு அது நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் தேதி தெரியாதென்றால் இதே சட்டம்தான். இங்கே ஒரு நல்ல செய்தி: இந்த 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை. கார் நிற்கும், எஞ்சின் பிழைக்கும்.

கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தகட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். துணிக்கூரையின் நீர் வடியும் துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள்தான் தேங்கும். உங்கள் ஊர் மழையில் அது உள்ளிருந்து துருப்பிடித்து வரும். மேலே பெயின்ட் அழகாகவே இருக்கும்.

கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் கம்பியைப் பொருத்துங்கள், திறந்த கார். இதில் பேச ஒன்றுமில்லை. காப்பீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாதாரண சாலைக் காப்பீட்டில் டிராக் நாள் பெரும்பாலும் சேருவதில்லை, பாலிசியைப் படியுங்கள். 

நேர்பாதையில் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள் என்ற வருத்தம் உங்களுக்கு. போகட்டுமே. எங்கள் ஊர்க் கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். 796 சிசி, அதாவது 0.8 லிட்டர்தான், மூன்று சிலிண்டர்.  நரேன் கார்த்திகேயன் அந்தக் கார்களில் ஓட்டியவர்தான், 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். உங்கள் கையில் அதைவிட இரண்டு மடங்கு பெரிய எஞ்சின் இருக்கிறது, ஒரு டன்னுக்கும் குறைவான காரில். டர்போ போட்டால் என்ன நடக்கும்? அதே நேர்பாதையின் முடிவுக்கு அதிக வேகத்தில் வந்து சேருவீர்கள், அதே பிரேக்குடன். வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. அதோடு அந்தப் பின் சிலிண்டருக்கும் கூடுதல் சூடு. 2,000 பவுண்டை ரப்பருக்கும் ஆயிலுக்கும் பேடுக்கும் செலவழித்து, மிச்சத்தில் ஒரு பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு வீடியோ எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், தெரியும்.

அப்பா கேட்டதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பிள்ளை அயலூரில் வேகமாக ஓட்டுகிறான் என்ற பயத்தைக் காசுக் கணக்காகத்தான் நம் அப்பாக்களுக்குச் சொல்லத் தெரியும். அவரிடம் காரைக் காட்டினீர்களே, ஒரு கேள்வியாவது கேட்டீர்களா? டிப்போவில் வண்டி எடுப்பதற்கு முன் சுற்றி வந்து எதையெல்லாம் தட்டிப் பார்ப்பார் என்று கேளுங்கள். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலை போன்ற பாதையில் ஆள் நிரம்பிய பஸ்ஸை எந்த கியரில் இறக்குவார், ஏன் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கக் கூடாது என்று கேளுங்கள். பஸ்ஸில் ஏர் பிரேக், ஆயில் கொதிக்காது; ஆனால் டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை விடும். நான் இவ்வளவு நேரம் எழுதியதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவார். பெடல் உள்ளே போனதையும் அவரிடம் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டன் தேயாத டயரை மறந்துவிடவில்லை. பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3514 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். நான்கு டயருக்கும் அந்த எண்ணைக் குறித்து அனுப்புங்கள். இரண்டு டயரில் அந்த இலக்கம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கலாம். சோம்பல்படாமல் காருக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள்.