மூணாறுக்கு பைக்கில் போக இரண்டு ஸ்வெட்டர் போதுமா?

நாகர்கோவிலில் இருந்து மார்கழியில் மூணாறு கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முதலில் காற்றுக்குளிர் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். காற்று படும்போது, உண்மையான வெப்பநிலையைவிட அதிகமாக நமக்குக் குளிர்வதுதான் அது.

தோலை ஒட்டி மெல்லிய வெதுவெதுப்பான காற்று எப்போதும் இருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். சூடான டீயை ஊதினால் ஆறுகிறதே, அதேதான். 10 டிகிரியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடம்புக்கு ஏறக்குறைய 5 டிகிரி போலத் தெரியும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழி வழியே வண்டி ஓட்டியவர்களுக்குக் காற்றின் வேலை நன்றாகவே தெரியும்.

அதனால் காற்றுப் புகாத மேல்சட்டைதான் முக்கியம். கழுத்தும் மணிக்கட்டும் இறுக மூடவேண்டும். ஸ்வெட்டர் அதற்கு உள்ளே. பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரைக் கூட்டும். விளையாட்டு டீஷர்ட் நல்லது.

கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விரல் மரத்துவிட்டால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது, கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து. கொஞ்சம் தளர்வாகவே வாங்குங்கள், இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும்.

அப்புறம், ஸ்வெட்டர் தடிமனாக இருந்தால் குளிராது என்று பலர் நினைக்கிறார்கள். வண்டி நின்றுகொண்டிருக்கும்போது மட்டும்தான் அது சரி, ஓடத் தொடங்கினால் பின்னல் இடுக்கு வழியே காற்று உள்ளே வந்துவிடும்.