கனடா கிளம்பும் முன்: உங்கள் கைரேகை கேட்கும் வேலைகளை முதலில் முடியுங்கள்

கேள்வி: கனடா பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) கிடைத்துவிட்டது. மனைவி, ஒரு குழந்தையோடு 5 மாதத்தில் கிளம்புகிறோம். பணம், பேப்பர் வேலைகளில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

நாங்கள் 2022 ஆகஸ்டில் சேலத்திலிருந்து ஒன்டாரியோ வந்தோம். கிளம்பும் முன் பணம், வீடு, பள்ளி என்று தலைப்பு போட்டு ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். அப்படிப் பிரித்ததே தப்பு என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வேலையையும் பார்த்துக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதற்கு நான் நேரில் போய் நிற்க வேண்டுமா? ஆமாம் என்றால் அது முதலில். மற்றதை இங்கே நடுராத்திரி 12:30க்கு உட்கார்ந்து செய்துகொள்ளலாம். அப்போதுதான் ஊரில் பேங்க் திறந்திருக்கும்.

எனக்கு ஊருக்கு வெளியே 1,200 சதுர அடியில் ஒரு மனை. விற்கும் எண்ணமே இல்லை, அதனால் அப்பாவுக்குப் பவர் (எனக்குப் பதிலாகக் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதித் தரவில்லை. வந்த எட்டாவது மாதம் நல்ல விலைக்கு ஆள் வந்தார். பவர் பத்திரத்தை இங்கே தயார் செய்து, துணைத் தூதரகச் சான்று வாங்கி, கூரியரில் அனுப்பி, அது இந்தியா போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி... இதெல்லாம் முடிவதற்குள் அவர் வேறு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். ஊரில் இருக்கும்போது பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்திருந்தால் ஒரு காலைப் பொழுது வேலை. எழுதும்போது சர்வே எண்ணைப் போட்டு, எதை மட்டும் செய்யலாம் என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘எல்லாவற்றுக்கும் அதிகாரம்’ என்று கூடப்பிறந்தவர்களுக்குக்கூட எழுதித் தராதீர்கள். அப்படியே பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பத்திரம் நம் பெயரில், பட்டா பழைய சொந்தக்காரர் பெயரில் என்பது நம் ஊரில் சர்வசாதாரணம். வில்லங்கச் சான்று பற்றிக் கவலை வேண்டாம், அது ஆன்லைனிலேயே கிடைக்கிறது.

அடுத்தது சிம் கார்டு. சிரிக்காதீர்கள், என்னை அதிகம் அழவைத்தது அதுதான். ரீசார்ஜ் செய்ய மறந்தேன், நம்பர் போய்விட்டது. பேங்க், ஆதார், வருமான வரி என்று எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த நம்பருக்குத்தான். நம்பரை மாற்ற நேரில் வரச் சொன்னார்கள். 71 வயது அப்பா கவுன்டரில் நின்றபடி வீடியோ கால் போட்டு, கேமராவை மேலாளர் பக்கம் திருப்புவதாக நினைத்து மேலே சுற்றும் ஃபேனையே காட்டிக்கொண்டிருந்தார். வேலை ஆகவில்லை. எனவே கிளம்பும் முன்பே ரோமிங்கை இயக்கி வையுங்கள், காலண்டரில் ரீசார்ஜ் தேதியைக் குறித்து வையுங்கள். முடிந்த இடத்தில் எல்லாம் மின்னஞ்சலையும் சேர்த்து விடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் குடியேறிய பிறகு சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிப்படி என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது ஊரில் வரும் வருமானத்துக்கான வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக, மாற்ற வேண்டும். உங்கள் கிளையில் அதற்கு என்னென்ன கேட்கிறார்கள் என்று இப்போதே விசாரித்து, படிவங்களில் கையெழுத்துப் போடும் வேலையை முடிந்தவரை முன்னதாக முடியுங்கள். இங்கே சம்பாதித்ததை ஊருக்கு அனுப்ப என்.ஆர்.இ. என்ற இன்னொரு வகைக் கணக்கு தனியாக வேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் பலர் இங்கேயும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கனடாவில் குடியிருப்பவர் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் காட்ட வேண்டும், அந்த வட்டி உட்பட. பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு முதிர்வு வரை ஓடட்டும், நீட்டிக்க முடியாது. மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருந்தால் அந்த நிறுவனம் கனடாவாசிகளிடம் பணம் வாங்குமா என்று கேளுங்கள், சில வாங்குவதில்லை.

பணத்தைக் கொண்டுவருவதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20% டி.சி.எஸ். (அனுப்பும்போதே பேங்க் வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரி ரிட்டர்னில் திரும்ப வரும்தான், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். வரம்பு ஆளுக்குத் தனி என்பதால் கணவன் கணக்கிலிருந்து கொஞ்சம், மனைவி கணக்கிலிருந்து கொஞ்சம் அனுப்பலாம். உங்கள் பயணத் தேதி இடம் கொடுத்தால் மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் மீதி. செட்டில்மென்ட் பணத்துக்கான (குடியேறியதும் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டும்) பேங்க் கடிதத்தை விண்ணப்பத்தோடு கொடுத்துவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள், இறங்கும்போதும் கேட்கலாம். மாமனார் கொடுத்த பணம் அதில் இருந்தால் அன்பளிப்புக் கடிதம் வேண்டும். கடன் வாங்கிக் காட்டுவது செல்லாது. 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாகவோ டிராஃப்டாகவோ கையில் இருந்தால் விமான நிலையத்தில் சொல்லிவிடுங்கள். வைத்திருப்பது குற்றமில்லை, சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

என்னிடம் யாரும் சொல்லாத ஒன்று: நீங்கள் குடியேறும் நாளில் உங்கள் நிலம், நகை, பங்குகளின் சந்தை மதிப்பு என்னவோ அதுதான் கனடா வரிக் கணக்கில் ‘வாங்கிய விலை’. உங்கள் அப்பா 1994இல் வாங்கிக் கொடுத்த விலை இங்கே கணக்கில் வராது. பிற்பாடு விற்கும்போது லாபம் அந்த நாளிலிருந்துதான் கணக்கிடப்படும். கிளம்பும் வாரத்தில் மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் ஒரு சான்று வாங்கிவிடுங்கள். நகைகளைப் போட்டோ எடுத்து, எடையும் மதிப்பும் எழுதி, எல்லையில் கொடுக்கும் பொருள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பின்னால் வரும் சாமானும் அதே பட்டியலில்தான் வர வேண்டும்.

பெயர் விஷயம் நமக்கே உரிய தலைவலி. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. இங்கே அது குடும்பப் பெயராகிவிட, அலுவலகத்தில் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். (அப்பாவுக்கு இதில் ரகசிய சந்தோஷம்.) மனைவியின் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர், அதனால் இங்கே அது குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், சொந்தப் பெயர் கட்டம் காலி. உங்கள் பேப்பர்களிலும் வித்தியாசம் இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட் எழுதி வையுங்கள். பி.ஆர். காகிதம் வந்த பிறகு பாஸ்போர்ட்டைத் திருத்தப் போகாதீர்கள், அது அந்தப் பாஸ்போர்ட் எண்ணோடு வந்திருக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பதிவாகியிருக்கிறதா, அல்லது ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

தடுப்பூசி அட்டை பள்ளிக்குத் தேவை. டிரைவிங் லைசென்ஸுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உங்கள் அனுபவத்தைக் காட்டும் சான்று வாங்குங்கள், ஒன்டாரியோவில் டிரைவிங் டெஸ்டுக்குக் காத்திருக்கும் காலம் குறையும். பல் வேலை, கண்ணாடி எல்லாம் ஊரிலேயே முடித்துவிடுங்கள். இங்கே பில்லைப் பார்த்தால் மறுபடி பல் வலிக்கும்.

அசல் ஆவணங்கள் மொத்தமும் தோள் பையில். எங்கள் பெட்டி ஒன்று வழியில் எங்கோ தங்கிவிட்டு 4 நாள் கழித்து வீடு வந்தது. நல்லவேளை, அதில் பருப்புப் பொடியும் ஸ்வெட்டரும்தான் இருந்தன.