பரிணாமம் உண்மைன்னா, ஆதாம் பாவத்தால தான் சாவு வந்துச்சுன்னு கிறிஸ்தவங்க எப்படி நம்புறீங்க?

மனுஷன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மிருகங்க செத்துட்டு தான இருந்துச்சு, அப்போ ஆதாம் கதை என்னாகும்னு கேட்டிருக்கீங்க. நானும் இதோட பல வருஷம் மல்லுக்கட்டிருக்கேன்.

என் அத்தை பையனுக்கு 14 வயசுல முழங்காலுக்குக் கீழ எலும்புல கேன்சர். அடக்கத்துக்கு வந்த ஒருத்தர் அத்தை பக்கத்துல உக்காந்து, எல்லாம் ஆதாமால வந்த சாபம்மானு சொன்னார், ஆறுதலா தான் சொன்னார். அத்தை வாயே திறக்கல. அப்புறம் 2020-ல ஒரு செய்தி படிச்சேன். கனடாவுல ஆல்பர்ட்டா மாகாணத்துல 1989-ல கெடச்ச ஒரு கொம்பு டைனோசரோட கால் எலும்பு, சென்ட்ரோசாரஸ்னு பேரு, அது புடைச்சு கெடந்தத முறிஞ்சு கூடுன எலும்புன்னு தான் முதல்ல நெனச்சிருக்காங்க, டாக்டர்களும் சேர்ந்து ஸ்கேன் எடுத்து பாத்தா ஆஸ்டியோசார்கோமா, அதாவது எலும்பு கேன்சர். எங்க பையனுக்கு வந்த அதே வியாதி. கிட்டத்தட்ட 7.6 கோடி வருஷம் முன்னாடி! அன்னிக்கு ஏது ஆதாம்?

அதுக்கப்புறம் பைபிள்ல பவுல் எழுதின ரோமர் 5:12-ஐ திரும்பத் திரும்ப வாசிச்சேன். "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" மரணம் வந்துச்சுன்னு தான் நம்ம தமிழ் பைபிள்ல இருக்கு. பழைய காலத்து பெரிய சபை போதகர் அகஸ்டின் கையில இருந்த லத்தீன் பைபிள்ல அந்த இடம் "அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்"னு படிக்கிற மாதிரி இருந்துச்சு, ஆதாமோட பாவம் எல்லாருக்கும் பொறக்கும்போதே ஒட்டிட்டு வருதுங்கற ஜென்ம பாவ போதனைக்கு அவர் அத ஒரு பெரிய ஆதாரமா எடுத்தார். எப்படி வாசிச்சாலும் பவுல் பேசுறது மனுஷனப் பத்தி, மானையும் டைனோசரையும் பத்தி இல்ல. விலக்கின கனிய புசிக்கும் நாளில் சாவாய்னு சொன்ன அதே ஆதியாகமத்துல ஆதாம் 930 வருஷம் வாழ்றான், அப்போ அந்த சாவு தேவன விட்டுப் பிரிஞ்ச சாவுன்னு தான் நான் எடுத்துக்கறேன்.

அகஸ்டினுக்கு 200 வருஷம் முன்னாடியே லியோன் நகரத்து பிஷப் ஐரேனியஸ் வேற மாதிரி எழுதியிருக்கார். ஆதாம் ஏவாள் முழுசா வளர்ந்தவங்க இல்ல, குழந்தைங்க மாதிரி, தேவன் மனுஷன கொஞ்சம் கொஞ்சமா வளத்து தன் சாயலுக்கு கொண்டுவர்றார்னு. பரிணாமத்தோட இது எவ்வளவோ ஒத்துப்போகுது. கத்தோலிக்க சபையிலயும் 1996-ல போப் இரண்டாம் ஜான் பால் பரிணாமம் வெறும் யூகம் மட்டும் இல்லன்னு சொல்லிட்டார்.

ஆனா ஒண்ணு, மனுஷன் கஷ்டத்துல வளர்றான்னு சொல்லலாம், அந்த டைனோசர் வலியில என்னத்த வளர்ந்துச்சு? இதுக்கு ஐரேனியஸ்கிட்ட பதில் கெடைக்கல. ஆதியாகமம் 1:30-ல மிருகங்களுக்கு பச்சைப் பூண்டு தான் ஆகாரம்னு இருக்கே, முதல்ல எதுவும் எதையும் கொல்லலன்னு சிலர் சொல்வாங்க. ஆனா சங்கீதம் 104-ல சிங்கக்குட்டி இரைய தேவன்கிட்ட தான் தேடுது, யோபு 39-ல கழுகுக் குஞ்சு ரத்தத்த உறிஞ்சுறத கர்த்தரே சொல்றார், அங்க ஆதாம் பேரே வரல. எல்லாத்தையும் இழந்து நின்ன யோபு கேட்ட ஏன்-க்கு அவர் காரணமும் சொல்லல, ஆனா ஆறுதல் சொல்ல வந்து யோபு மேலயே பழி போட்டாங்களே அந்த மூணு சிநேகிதர், அவங்க மேல தான் கோவப்பட்டார்.

அது வர்ற யோபு புஸ்தகத்தோட கடைசி அதிகாரத்த அத்தைக்கு நான் வாசிச்சு காட்டினேன். இன்னொரு தடவ வாசின்னாங்க.