மீனிலிருந்து மனிதன் வந்தான் என்றால் என் பையன் சிரிக்கிறான். வீட்டிலேயே காட்டக்கூடிய சான்று ஏதாவது உண்டா?

பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிற பையனாக இருப்பான் என்று நினைக்கிறேன். வீட்டில் மீன் வாங்குவீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சைவம் என்றால் இந்தப் பதில் பாதிதான் உதவும்.

என் அம்மா சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் மீன் ஆய்ந்து கொடுத்தவர். பள்ளி லீவு விட்டால் எனக்கும் அங்கேதான் வேலை. செதில் சுரண்டுவேன், தண்ணீர் எடுத்து வருவேன். பன்னிரண்டு வயதில் முதல்முறையாக அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து ஒரு பெரிய சங்கராவை எடுத்தேன். கோழிக்கு இருப்பதுபோல் இதற்கும் கழுத்து இருக்கும் என்று நினைத்து, செவுள் மூடிக்குப் பின்னால் நேராக வைத்து அழுத்தினேன். இறங்கவே இல்லை.

"இன்னாடி பண்ற? மீனுக்கு ஏது கழுத்து? தோளு தலையோட ஒட்டிக்கினு இருக்குது பாரு. சாய்ச்சுப் புடி" என்று அம்மா என் கையோடு சேர்த்து மீனைத் திருப்பினார்.

அன்றைக்குத்தான் பார்த்தேன். செவுளை ஒட்டி, வளைந்து, கெட்டியாக ஒரு எலும்பு கீழே இறங்குகிறது. பக்கவாட்டுத் துடுப்பு அந்த வளைவிலிருந்துதான் கிளம்புகிறது. அதன் மேல்நுனியைக் கவட்டை மாதிரி ஒரு சின்ன எலும்பு மண்டையோடு பூட்டிவைத்திருக்கிறது. நம் தோள்பட்டைக்கு நிகரான வளையம் அது.

பிறகு விலங்கியல் படித்தேன். கல்லூரியில் ஒரு நாள் தோள் வளையம் பற்றி வகுப்பில் கேட்டார்கள். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். "இது மீன் மார்க்கெட் இல்லம்மா" என்று பதில் வந்தது. வகுப்பே சிரித்தது. நான் சொன்னதில் தவறு என்ன என்று யாரும் சொல்லவில்லை. தவறு எதுவும் இல்லை என்பதால்தான் சொல்லவில்லை.

அடுத்த வருஷம், 2006 ஏப்ரலில், டிக்டாலிக் பற்றிய செய்தி வந்தது. கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் நீல் ஷூபின் என்ற தொல்லுயிரியலாளரும் அவருடைய குழுவினரும் 2004-ல் தோண்டி எடுத்த புதைபடிவம். வயது சுமார் 37.5 கோடி ஆண்டுகள். செதில் உண்டு, துடுப்பு உண்டு. ஆனால் தோள் வளையம் மண்டையிலிருந்து விடுபட்டிருந்தது. அதாவது கழுத்து உள்ள மீன்! துடுப்புக்குள்ளே முதலில் ஒரு எலும்பு, அடுத்து இரண்டு, அதற்கப்புறம் மணிக்கட்டு போலச் சிறு எலும்புகள். உங்கள் பையனின் கையைத் தடவிப் பார்த்தாலும் இதே வரிசைதான் வரும். ஆழத்தில் நீந்துகிற மீன் உடம்பையே திருப்பிக்கொள்ளலாம். ஆழமில்லாத தண்ணீரில் துடுப்பை ஊன்றி நிற்கிற ஒன்றுக்கு, தலை மட்டும் தனியாகத் திரும்பினால் எவ்வளவு உதவி!

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அத்த நேராவே வெட்டலாம்" என்றார். இதைவிடச் சரியாக யாரும் எனக்கு டிக்டாலிக்கை விளக்கியதில்லை.

"டிக்டாலிக்தான் நம் நேரடிப் பாட்டனா?" என்று சண்டைக்கு வருவார்கள், தெரியும். நான் அப்படிச் சொல்லவில்லை. போலந்தில் அதைவிடப் பழைய நாலுகால் தடங்கள் கிடைத்திருப்பதாக 2010-ல் அறிவித்தார்கள். சங்கராவிலிருந்து நாம் வந்தோம் என்றும் சொல்லவில்லை. சங்கராவுக்கும் நமக்கும் பொதுவான மூதாதை ஒரு மீன், அவ்வளவுதான். "சுறாவுக்கு எலும்பே இல்லை, குருத்தெலும்புதான், அதனால் அதுதான் ஆதி மீன்" என்று எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: மங்கோலியாவில் கிடைத்த சுமார் 41 கோடி ஆண்டுப் பழைய மீன் ஒன்றில், சுறாக்கள் தனியாகப் பிரிவதற்கு முந்தைய கிளையைச் சேர்ந்ததில், உள்ளெலும்பு (குருத்தெலும்புக்குள்ளே உருவாகும் எலும்பு) இருந்ததை 2020-ல் வெளியிட்டார்கள். சுறாவின் முன்னோருக்கு எலும்பு இருந்து பிறகு போயிருக்கலாம் என்பதற்கு அது வலுவான தடயம்.

நம் காதிலும் மீன் இருக்கிறது. சங்கராவின் தாடை மூட்டில் உள்ள இரண்டு எலும்புகளுக்கு நிகரானவைதான் நம் காதுக்குள் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும். கருவளர்ச்சியைப் பார்த்து 1837-லேயே ரைக்கர்ட் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் இதைச் சொல்லிவிட்டார்.

மீன் என்றதும் இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன மாதம் வாடகைக்கு வீடு தேடினோம். மூன்று இடத்தில் அட்வான்ஸ் வரை பேசிவிட்டு, "கவுச்சி சமைப்பீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு வீட்டு வாசலில் அம்மா தன் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்தக் கையிலிருந்துதான் நான் விலங்கியல் கற்றேன்.

கேள்விக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு கிலோ சங்கரா வாங்குங்கள். செதிலும் குடலும் மட்டும் எடுத்தால் போதும், தலையைத் தனியாக வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்டினால் அந்தக் கவட்டை எலும்பு உடைந்துவிடும். மஞ்சளும் உப்பும் போட்டு முழுசாக வேகவைத்து, ஆறினதும் செவுள் மூடியை அவனையே தூக்கச் சொல்லுங்கள்.